அந்த டிரிப்பை ஏன் குறைத்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசத்துக்கு மறுவாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு சகோதரர் எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். அவருடைய அண்ணனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஐசியூவில் இரண்டாம் நாள் இரவு பிரஷர் இறங்கியபோது டாக்டர் டிரிப்பைக் கூட்டாமல் குறைத்துவிட்டார். அண்ணன் தண்ணீர் கேட்டுக் கை காட்டியும் யாரும் ஒரு மடக்குக் கொடுக்கவில்லை. "பிரஷர் இறங்கினால் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கே தெரியும். இது அலட்சியம் இல்லாமல் வேறென்ன?" என்று கேட்டிருந்தார். அண்ணன் இப்போது வார்டுக்கு வந்துவிட்டார் என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மனம் நிம்மதியானது.

நான் ஓய்வுபெற்ற தாதி. 33 ஆண்டு வேலை பார்த்தேன். கடைசி 12 ஆண்டுகள் கோலாலம்பூரில், கல்லீரல் மாற்று முடிந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஐசியூவில். இப்போது பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். அந்தச் சகோதரரின் அண்ணன் எந்த மருத்துவமனையில் இருந்தார், அன்று இரவு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. அதனால் அங்கே இருந்தவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை ஐசியூ வாசலில் நூறு குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. நின்று பதில் சொல்ல எனக்கு அப்போது நேரம் கிடைத்ததில்லை. இப்போது கிடைத்திருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது நம் ஆட்களுக்குத் தாங்காது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நான் பினாங்குத் தீவுக்குப் போய், தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் ஜாலான் உத்தாமாவில் எங்கள் சொந்தக்காரர்கள் போடும் தண்ணீர்ப்பந்தலில் நிற்கிறேன். மோர், பானகம், ரோஸ் சிரப், ஐஸ் தண்ணீர். யார் என்று கேட்பதில்லை, எவ்வளவு என்று கேட்பதில்லை. நீட்டிய கைக்கெல்லாம் ஊற்றுவோம். அப்படி வளர்ந்த எனக்கு, உதடு வெடித்துப்போன ஒரு மனிதர் கையைக் குவித்துக் காட்டும்போது "கொஞ்சம் பொறுங்கய்யா" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்? வெளியே நிற்கும் மனைவி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "மிஸ்ஸி, வாய் காஞ்சி போயிருக்கு மிஸ்ஸி, ஒரு சொட்டாவது ஊத்துங்க" என்பார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

டிரிப் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லட்டா என்ற டாக்டர், காலராவில் உடம்பு வற்றிச் சாகக் கிடந்தவர்களுக்கு உப்புநீரை நரம்பில் ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். நம் முன்னோர் கப்பலில் வந்தபோது காலராவுக்கும் அம்மைக்கும் பயந்துதான் அவர்களை ஜெரெஜாக் தீவில் இறக்கிவைத்துப் பார்த்தார்கள். வாந்தி பேதியில் போன நீரைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் திரும்பும். தோட்டத்து டிரஸ்ஸர் செய்தது அதைத்தான், சரியாகத்தான் செய்தார். அங்கே நீர் வெளியே போயிருந்தது.

கல்லீரல் மாற்று நோயாளியின் உடம்பு வேறு கதை. இவர்களில் பெரும்பாலோருக்கு மாற்றுக்கு முன்பே இருக்கும் சிரோசிஸ் என்ற கல்லீரல் நோய் ஒரு நாளில் வருவதில்லை. கல்லீரல் சுருங்கிக் கெட்டியாகிக்கொண்டே போகும் வருடங்களில், வயிற்றுக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. ரத்தம் அங்கே போய்த் தேங்கிக்கொள்கிறது. உடம்பில் மொத்தமாக நீரும் உப்பும் அளவுக்கு மேல் இருக்கும். வயிறு பானை போல இருக்கும், கால் அமுக்கினால் குழியும். ஆனாலும் பலருக்குப் பிரஷர் குறைவாகவே இருக்கும். அதை ஈடுகட்ட இதயம் எப்போதும் ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண ஆளுக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளும் இதயம், இவர்களுக்கு 8, 9 லிட்டர்கூடத் தள்ளும். பார்க்கப் பலசாலி போலத் தெரியும் அந்த இதயத்துக்கு உள்ளே சேமிப்பு குறைவு. திடீரென்று சுமையைக் கூட்டினால் தடுமாறும்.

புதுக் கல்லீரல் வைத்த அன்றைக்கே இதெல்லாம் சரியாகிவிடும் என்று குடும்பத்தார் நினைப்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். தளர்ந்த குழாய்கள் இறுக வாரக்கணக்கில் ஆகும். ஆக, இரண்டாம் நாள் பிரஷர் 86 என்று மானிட்டர் காட்டினால், அதற்குள் பல சங்கதிகள் ஒளிந்திருக்கலாம். உள்ளே ரத்தம் கசியலாம். குழாய் தளர்ந்திருக்கலாம். இதயம் சோர்ந்திருக்கலாம். கிருமி தொற்றியிருக்கலாம். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, ரத்தம் மேலே வர வழியில்லாமல் இருக்கலாம். இவற்றில் சிலவற்றுக்குத்தான் தண்ணீர் மருந்து. சிலவற்றுக்கு அது விஷம்.

ஏன் விஷம் என்கிறேன்? கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகள் நேரே பெரிய சிரைக்குள் போய், அங்கிருந்து ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் இதயத்தின் வலப்பக்கத்துக்குள் விழுகின்றன. பினாங்கில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் பெருமழை கொட்டினால் லோங்காங் (சாக்கடை) தண்ணீர் எங்கே போகும்? வடியாமல் திரும்பி வீட்டுக்குள் வரும். இதயத்தின் வலப்பக்கம் நிரம்பி வழியும்போது கல்லீரல் ரத்தமும் அப்படித்தான் வடிய முடியாமல் தேங்கி நிற்கும். இன்னொருவர் உடம்பிலிருந்து எடுத்து, பல மணி நேரம் தையல் போட்டு வைத்த கல்லீரல், வீங்கிப் புழுங்கிக் கிடக்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குடல் வீங்கும். அதற்காக வறட்டிவிடவும் முடியாது. குறைத்தால் சிறுநீரகம் போகும், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கல்லீரல் தமனியில் ரத்தம் உறையலாம். அந்தத் தமனி அடைத்தால் புதுக் கல்லீரலே போய்விடும். அதனால்தான் முதல் நாட்களில், குழாயில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கட்டிலுக்கே வருகிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2005 வாக்கில், தலைநகரில் ஒரு மருத்துவமனையில், கிள்ளான் பக்கம் லோரி ஓட்டிய ஒரு அண்ணன் கல்லீரல் மாற்று முடிந்து என் கட்டிலுக்கு வந்தார். 52 வயது. அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் வேதவாக்கு சிவிபி. கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குப் பக்கத்தில் குழாயை வைத்து அளக்கும் அழுத்தம். எண் சின்னதாக இருந்தால் தண்ணீர் போதவில்லை, பெரிதாக இருந்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று இரவு அது 5 காட்டியது. பிரஷர் 88. போனில் வந்த உத்தரவு: "சிவிபி 12 வர்ற வரைக்கும் ஊத்துங்க, சிஸ்டர்." ஊற்றினேன். ஒரு பாட்டில் முடிய அடுத்ததை மாட்டினேன். விடியும்போது சிவிபி 12 வந்துவிட்டது. பிரஷர் 92. அந்த நாலு புள்ளிக்கு எத்தனை பாட்டில்! மறுநாளும் அதே உத்தரவு. மூன்றாம் நாள் காலையில் தாளில் கூட்டிப் பார்த்தால் உள்ளே போனது வெளியே வந்ததைவிட 7 லிட்டர் அதிகம்.

ஆபரேஷனுக்குப் போகும் முன் அவர் மனைவி கோவில் மஞ்சள் கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டியிருந்தார். தியேட்டரில் அதைக் கழற்றாமல் பிளாஸ்டர் ஒட்டி விட்டுவைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை. கை அவ்வளவு வீங்கி, தோல் மடிப்புக்குள் கயிறு புதைந்துவிட்டது. விரல் நுனிகள் நீலம் பாரிக்கத் தொடங்கியதும் நான் கத்தரிக்கோலின் மழுங்கிய முனையை உள்ளே நுழைத்து, மெதுவாக அதை வெட்டினேன். மனைவி பக்கத்தில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய கயிற்றை மாத்திரை உறையில் போட்டு அவரிடம் கொடுத்தேன். அதைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அந்த அண்ணனுக்குத் திரும்ப வெண்டிலேட்டர் வைக்க வேண்டி வந்தது. சிறுநீர் நின்று டயாலிசிஸ் ஓடியது. பிறகு கிருமி. 23ஆம் நாள் இறந்துவிட்டார். தண்ணீர்தான் அவரைக் கொன்றது என்று என்னால் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே அவருடைய சிறுநீரகம் பலவீனமாகத்தான் இருந்தது. உத்தரவு போட்ட டாக்டரும் அன்றைய வழக்கப்படிதான் செய்தார். ஆனால் அந்த 7 லிட்டரை மாட்டிய கை என்னுடையது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னால் "இது இவருக்கு உதவுமா?" என்று நானோ வேறு யாரோ கேட்கவில்லை. எண்ணைப் பார்த்தோம், மனிதரைப் பார்க்கவில்லை.

சில ஆண்டு கழித்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு நிபுணர் சொன்னதைக் கேட்டு வகுப்பே வாயடைத்துப் போனது. 2008இல் மாரிக் என்பவரும் அவருடைய சகாக்களும் சிவிபி பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிக்குத் தண்ணீர் உதவுமா உதவாதா என்று சொல்வதில் அந்த எண் பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். உடம்பிலுள்ள ரத்த அளவோடு சிவிபி ஒத்துப்போனதாகக் காட்டிய ஒரே ஆய்வு, ஏழு பெண் குதிரைகளை நிற்க வைத்து ரத்தம் எடுத்துச் செய்த ஆய்வாம். ஏழு குதிரைகள். நான் அந்த மஞ்சள் கயிற்றை நினைத்துக்கொண்டேன்.

அந்த எண்ணுக்கு இன்றும் வேலை இருக்கிறது. சிவிபி சட்டென்று ஏறினால் கல்லீரலுக்குப் பின்னழுத்தம் கூடுகிறது என்று எச்சரிக்கும். ஊற்றச் சொல்லும் உரிமை மட்டும் அதற்கு இல்லை.

சரி, வேறு எப்படித்தான் கண்டுபிடிப்பது? என் பணியின் கடைசி ஆண்டுகளில் நடந்த ஓர் இரவைச் சொல்கிறேன். சுங்கை பட்டாணிப் பக்கத்து ஆசிரியை ஒருவர், 48 வயது. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் இரவு. பத்து மணிக்குப் பிரஷர் 84க்கு இறங்கியது. சிறுநீர் அந்த மணி நேரத்தில் 20 மில்லி. அவருடைய 58 கிலோ எடைக்குக் குறைந்தது 29 வர வேண்டும். பழைய நானாக இருந்தால் பாட்டிலை எடுத்திருப்பேன். பணியிலிருந்த நிபுணர், நோயாளியின் காலைத் தூக்கச் சொன்னார்.

நோயாளி தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்திச் சாய்ந்திருப்பார். கட்டிலின் பட்டனை அமுக்கி உடம்பைப் படுக்க வைத்து, அதே அசைவில் இரண்டு கால்களையும் 45 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். கையால் தூக்கினால் வலியில் இதயம் படபடக்கும், கணக்குத் தப்பிவிடும். அதனால் கட்டிலே தூக்க வேண்டும். காலிலும் வயிற்றிலும் இருக்கும் ஏறக்குறைய 300 மில்லி ரத்தம் இதயத்துக்கு ஓடி வரும். வெளியிலிருந்து ஒரு சொட்டும் ஏற்றாமல், அவருடைய சொந்த ரத்தத்தையே கொண்டு செய்யும் சோதனை. பயனில்லை என்றால் காலை இறக்கிவிடலாம், வந்த ரத்தம் திரும்பிப் போய்விடும். ஊற்றிய பாட்டிலைத் திரும்ப எடுக்க முடியுமா? ஒரு நிமிடத்துக்குள், இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரஷரை மட்டும் பார்த்தால் போதாது. பத்து சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் தண்ணீர் உதவும் என்று அர்த்தம்.

அன்று பத்து மணிக்குக் கால் தூக்கும் முன் இதயம் நிமிடத்துக்குத் தள்ளியது 8.2 லிட்டர், தூக்கிய பின் 8.3. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் நிரம்பித்தான் இருந்தது. "தண்ணி வேணாம் சிஸ்டர், குழாய்தான் தளர்ந்திருக்கு" என்று சொல்லி, குழாயை இறுக்கும் நோர்அட்ரினலின் மருந்தைக் கொஞ்சம் கூட்டினார், டிரிப்பைக் குறைத்தார். பிரஷர் 102க்கு வந்தது. வெளியே அந்த அம்மாவின் கணவர் நின்றுகொண்டிருந்தார். தங்கள் வாசகர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்.

இரண்டு மணிக்கு மறுபடி இறங்கியது. நிபுணர் மறுபடி காலைத் தூக்கச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள், பத்து மணிக்கே பார்த்தாயிற்றே என்று இருந்தது. இந்த முறை 7.0இலிருந்து 8.1. இப்போது இதே இதயம் தண்ணீர் கேட்கிறது! நாலு மணி நேரத்தில் என்ன மாறியது? போர்வையை விலக்கிப் பார்த்தேன். வயிற்றுக்குள்ளிருந்து கசிவை வடிக்கும் டிரெய்ன் பையில் சாயங்காலம் வரை தேநீர் நிறத்தில் இருந்தது, இப்போது அடியில் புது ரத்தம். தொட்டால் பை சூடாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.1இலிருந்து 6.9. ரத்தம் ஏற்றிக்கொண்டே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். கசிந்த சிறு குழாயைக் கட்டினார்கள். அந்த ஆசிரியை பிழைத்து, நடந்து வீட்டுக்குப் போனார்.

ஒரே ஆள், ஒரே இரவு, ஒரே பிரஷர். பத்து மணிக்குத் தண்ணீர் கூடாது, இரண்டு மணிக்குத் தண்ணீரும் ரத்தமும் வேண்டும். அந்தச் சகோதரரிடம் நான் சொல்ல வந்தது இதுதான். தண்ணீர் தேவையா என்ற கேள்விக்கான பதிலுக்கு ஆயுள் சில மணி நேரம். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், கேட்க ஆள் கட்டிலருகே இருக்க வேண்டும்.

கால் தூக்கும் சோதனையும் எல்லாருக்கும் பொருந்தாது. வயிற்றுக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் ரத்தம் மேலே வராது, பதில் தப்பாக வரும். அதனால் சிறுநீர்க் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் 25 மில்லிக்கு மிகாமல் சலைன் விட்டு, வயிற்று அழுத்தத்தை அளப்போம். 12ஐத் தாண்டினால் கவனம். 20ஐத் தாண்டி உறுப்புகளும் பழுதாகத் தொடங்கினால் அவசரம். அப்போது சிறுநீர் குறைவதைப் பார்த்துத் தண்ணீரை ஊற்றினால், குடல் இன்னும் வீங்கி, அழுத்தம் இன்னும் ஏறும். மானிட்டரில் மூச்சுக்கு மூச்சு நாடித்துடிப்பின் உயரம் மாறுவதைச் சதவீதமாகக் காட்டும் எண்ணும் உண்டு. ஏறத்தாழ 13க்கு மேல் போனால் தண்ணீர் உதவலாம் என்பார்கள். ஆனால் நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்கிவிட்டால், இதயத்துடிப்பு ஒழுங்கு தப்பினால், வெண்டிலேட்டர் சிறு மூச்சாகக் கொடுத்தால் அதை நம்ப முடியாது. ரத்தத்தில் அளக்கும் லாக்டேட் என்ற அமிலத்தின் எண்ணும் அப்படியே. மற்றவர்களுக்கு அது ஏறினால் ரத்த ஓட்டம் போதவில்லை என்று சந்தேகிப்போம். இவர்களுக்கோ லாக்டேட்டைக் கரைக்க வேண்டிய கல்லீரலே புதிது. அது இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்பதற்கும் அதே எண்தான் வரும்.

எந்த நீர் என்பதும் சின்ன விஷயம் இல்லை. சாதாரண சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமானவர்களுக்கே சொல்கிறது. மாதக்கணக்கில் ஊறுகாயும் கருவாடும் கண்ணில் காட்டாமல் மனைவி பத்தியம் வைத்திருந்த மனிதருக்கு, நாம் ஒரே இரவில் அத்தனை உப்பை நரம்பில் ஏற்றிவிடலாம். அவர்களில் பலருக்கு ரத்தத்தில் சோடியம் நெடுநாளாகக் குறைந்திருக்கும். 122, 125 என்று வருவார்கள். அது ஒரே நாளில் 8, 10க்கு மேல் ஏறிவிட்டால் மூளை நரம்புகளின் உறை கெட்டு, பேச்சும் அசைவும் போய்விடக்கூடும். அதனால் ஒவ்வொரு பாட்டிலிலும் என்ன உப்பு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் மாட்டுவோம். அல்புமின் என்ற புரதக் கரைசல் எப்போது, ரத்தம் எப்போது என்பதும் டாக்டர்கள் நின்று யோசிக்கும் சங்கதி. ரத்தத்தைக் கெட்டியாக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டால் அந்தச் சின்னத் தமனி அடைக்கும் பயம்.

யாரும் உத்தரவு போடாமலே உள்ளே போகும் நீரும் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கைக் கரைக்க 100 மில்லி, பொட்டாசியத்துக்கு 100, பாராசிட்டமால் பாட்டிலே 100. பிரஷர் அளக்க ரத்தக்குழாயில் வைத்த ஒவ்வொரு குழாயும் அடைக்காமல் இருக்க மணிக்கு 3 மில்லி ஓடும். மூன்று குழாய் என்றால் ஒரு நாளைக்கு 216 மில்லி. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் டிரிப் ஒன்றும் ஓடாத நோயாளிக்குக்கூட நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். டிரிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். உள்ளே நீர் போய்க்கொண்டுதான் இருக்கும்.

வெளியே வருவதையும் விடக்கூடாது. வயிற்று நீர் தையல் ஓரமாகக் கசிந்து துணியை நனைக்கும். அந்தத் துணியை அப்படியே குப்பையில் போட்டால் கணக்குப் போச்சு. நான் தராசில் வைப்பேன். நனைந்த பேட் 640 கிராம், காய்ந்த பேட் 90 கிராம் என்றால் 550 மில்லி போயிருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு, கையுறையோடு தராசு முன் நிற்கும் தாதியைப் பார்த்தால் அவள் ஏதோ வீண்வேலை செய்வதாகத் தோன்றும். அந்த 550ஐ எழுதாமல் விட்டால் காலையில் டாக்டர் தப்பான கணக்கில் முடிவெடுப்பார்.

2011இல் உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில், காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,100க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வேகமாக நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல். அப்படி ஏற்றாத குழந்தைகளில் ஏழு. மலேரியா உள்ள, வசதி குறைந்த ஊர்களின் ஆய்வு அது. கல்லீரல் மாற்று நோயாளிக்கு அதை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. ஆனாலும் ஊற்றினால் கெடுதல் வராது என்று நெடுநாள் நம்பியிருந்த எல்லாரையும் அது உலுக்கியது. என்னையும்தான்.

வாயால் தண்ணீர் கேட்டதைப் பற்றி. தொண்டையில் இருந்த குழாயை எடுத்த புதிதில் விழுங்கும் தசைகள் மரத்துக் கிடக்கும். ஒரு மடக்குத் தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. அதைப் பார்த்துச் சரி என்ற பிறகு, டாக்டர் அனுமதித்தால், கரண்டிக் கணக்கில் தொடங்குவோம். அதுவரை வாயைக் காயவிடக் கூடாது. மணிக்கொரு தரம் ஈரப் பஞ்சால் நாக்கையும் ஈறையும் துடைத்து, உதட்டில் தடவ வேண்டும். இதை ஐசியூவில் யாரும் செய்யவில்லை என்றால் அந்தச் சகோதரர் கோபப்பட்டது நியாயம். அது அலட்சியமேதான். உறவினர்களையும் கை கழுவ வைத்து இதைச் செய்ய விடலாம். லோரி அண்ணனின் மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்ற மூன்று நாட்களில், ஒரு ஈரப் பஞ்சை அவர் கையில் கொடுக்க எனக்குத் தோன்றவில்லையே என்று இப்போதும் வருந்துகிறேன்.

சுகாதார அமைச்சுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1995இல் நம் நாட்டில் முதல் கல்லீரல் மாற்று நடந்தது. இத்தனை ஆண்டில் நல்ல அறுவை மருத்துவர்கள் வந்துவிட்டார்கள், கருவிகள் வந்துவிட்டன. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில் ஆள் பற்றாத இரவுகளில் ஒரு தாதிக்கு இரண்டு கட்டில் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு வலிப்பு வந்த அந்த அரைமணி நேரத்தில் இந்தக் கட்டிலின் டிரெய்ன் பையை யார் பார்ப்பது? கல்லீரல் மாற்று முடிந்த முதல் 48 மணி நேரமாவது ஒரு கட்டிலுக்கு ஒரு தாதி என்று வைக்க வேண்டும். புதிதாக வரும் இளம் தாதிகளுக்குக் கால் தூக்கும் சோதனையையும், வயிற்று அழுத்தம் அளப்பதையும், எக்கோ படத்தைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதையும் கட்டிலருகே நின்று கற்றுக் கொடுக்க வேண்டும். அனுபவமுள்ள தாதிகள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் இன்று இங்கே இல்லை. டிரிப்பைக் குறைக்கும்போது வெளியே நிற்கும் குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கி, அவர்களுக்குப் புரியும் மொழியில் காரணம் சொல்வதையும் சிகிச்சையாக எண்ண வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டிக்கு மலாயில் சொல்லிவிட்டுப் போனால் அவருக்கு என்ன விளங்கும்?

சகோதரரே, உங்கள் அண்ணன் வார்டில் இருக்கிறார். காலையில் எழுந்ததும் ஒரே தராசில் அவர் எடையைப் பாருங்கள். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் இதைச் செய்யுங்கள். பிறகு, கோபம் இன்னும் ஆறவில்லை என்றால், டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு, ஐசியூவின் இரண்டாம் நாள் இரவுக் குறிப்பை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். மணிக்கு மணி எழுதிய பெரிய தாள் அது. டிரிப்பைக் குறைத்த நேரத்துக்கு நேரே ஒரு காரணம் இருக்க வேண்டும்: காலைத் தூக்கிப் பார்த்தோம், எக்கோ பார்த்தோம், நுரையீரலில் நீர், ஏதோ ஒன்று. இருந்தால் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றுமே எழுதாமல் குறைத்திருந்தால், இந்தப் பகுதிக்கு மறுபடி எழுதுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐசியூ தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு